என் முதல் லினக்ஸை நான் தேர்ந்தெடுத்த காரணம்

பிரபு, உன் நண்பர்கள் நடத்தும் இணைய இதழுக்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தாய். "லினக்ஸ் தெரிஞ்சவங்க எழுதறத தெரியாதவங்க படிச்சா தலைய சுத்துதும்மா. புதுசா வந்தவங்க யாராச்சும் எழுதணும். நீ எழுது" என்றாய். முதல் லினக்ஸை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது தலைப்பு. மூன்று முறை எழுத உட்கார்ந்தேன். மூன்று முறையும் இரண்டாவது பத்திக்கு மேல் நகரவில்லை. நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதை உண்மையாக எழுதினால் அது கட்டுரையாக இருக்காது, உனக்கு எழுதும் கடிதமாகத்தான் இருக்கும் என்று தெரிந்தது. போன திங்கட்கிழமை நீ போனில் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பிறகு இதை எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. புனேயிலிருந்து மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள், இந்த முறை வேலையே தருகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். அதே மூச்சில், "வேணாம்னு எழுதிடப் போறேன்மா. நான் அவ்ளோ தூரம் போய்ட்டா உன் சிஸ்டத்த யாரு பாத்துக்குவா?" என்றும் சொன்னாய். நான் பதில் சொல்லாமல் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தப் பதில்தான் இது. உன் நண்பர்களும் படிக்கட்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் ஏதாவது பயன் இருந்தால் எடுத்துக்கொள்ளட்டும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு நம் வீட்டுக் கணினி இருந்த நிலை உனக்குத் தெரியும். அதிலிருந்த விண்டோஸ் பழையது. புதியது போட்டால் இந்தப் பெட்டி தாங்காது என்று கணினிக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். போதாததற்கு, தறிக்கு அட்டை அடிக்கும் கடைக்குப் போய் வரும் பென்டிரைவ் ஒவ்வொரு முறையும் ஒரு வைரஸைக் கூட்டிக்கொண்டு வந்தது. என் வேலை பெரிய கணினி தேவைப்படும் வேலை இல்லை. சேலைக் கரைக்கும் முந்தானைக்கும் திரையில் கட்டம் கட்டமாகப் படம் வரைகிறேன். திரையில் ஒரு கட்டம் என்றால் தறியில் ஒரு இழை. அந்தப் படத்தைக் கடையில் கொடுத்தால் அட்டையில் துளை போட்டுத் தருவார்கள், அட்டை தறியின் மேலே இருந்து துளைக்கு ஏற்ப இழையைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டிக்குப் போகும். அவ்வளவுதான். ஆனால் நான் ஒரு நாள் நின்றால் எங்கோ ஒரு வீட்டில் ஒரு தறி நிற்கும்.

ஒரு சனிக்கிழமை காலை நீ என் மேசை மேல் இரண்டு பென்டிரைவை வைத்தாய். லினக்ஸ் என்பது ஒரே பொருள் அல்ல, பலர் பல விதமாகக் கட்டித் தருகிறார்கள், ஒவ்வொன்றையும் டிஸ்ட்ரோ என்போம் என்று எனக்கு விளக்கினாய். உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று பெயர்களைச் சொல்லிவிட்டு, எனக்காக இரண்டாகக் குறைத்திருப்பதாகச் சொன்னாய். நீ எதையும் மறைக்கவில்லை. உன் வார்த்தைகள் அப்படியே நினைவிருக்கின்றன. "இது மிண்ட். பாக்க விண்டோஸ் மாதிரியே இருக்கும். ஒருதடவ போட்டா வருஷக்கணக்கா நோண்டவே வேணாம். இன்னொண்ணு என்னோடது. எல்லாமே புதுசு புதுசா வந்துக்கினே இருக்கும், ஆனா அப்பப்போ எதாச்சும் புட்டுக்கும். நாமதான் சரி பண்ணிக்கணும். உனுக்கு மிண்ட்தாம்மா கரெக்ட்." நான் இரண்டாவதை எடுத்தேன். நீ குதித்தாய். தறியில் உட்கார்ந்திருந்த அப்பாவைக் கூப்பிட்டு, "யப்பா, அம்மா நேரா என் கட்சிக்கு வந்துட்டாங்க பாரு!" என்று கத்தினாய். அப்பா இழைக்குள் ஓடும் நாடாவை நிறுத்தாமல், "உங்கம்மா எப்பவுமே உன் கட்சிதான், புதுசா இன்னா?" என்றார். ஏன் அதை எடுத்தாய் என்று நீ கேட்டதற்கு, "புதுசு புதுசா வந்தா நல்லதுதானேடா" என்றேன்.

அது பொய். அந்த வருடம்தான் நீ வெளியூர் வேலை பற்றிப் பேச ஆரம்பித்திருந்தாய். சாப்பிடும்போது பெங்களூர் என்பாய், துணி மடிக்கும்போது புனே என்பாய். நோண்டவே வேண்டாத ஒன்றை நான் எடுத்திருந்தால் என் மேசைப் பக்கம் உனக்கு வேலை இருக்காது. அப்பப்போ புட்டுக்கொள்ளும் ஒன்றை எடுத்தால் நீ வர வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டும், "நகரும்மா" என்று என் கையிலிருந்து விசைப்பலகையை வாங்க வேண்டும். கணிதம் படித்தவள் நான். அந்தக் கணக்கை ஒரு நிமிடத்தில் போட்டுவிட்டேன். புதிதாக லினக்ஸுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விஷயம் இதிலிருந்துதான் வருகிறது. எந்த டிஸ்ட்ரோ என்று கேட்பதற்கு முன்னால், இது யாருக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வேலைக்காகவா, சொல்லித் தருகிறவரைச் சந்தோஷப்படுத்தவா, அல்லது என்னைப்போல அவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளவா? வீட்டில் தெரிந்த ஒருவர் எதை வைத்திருக்கிறாரோ அதையே வாங்கிக்கொள்வது சுலபமாகத் தெரியும். அவருக்குப் பொருந்தியது உங்களுக்கும் பொருந்தும் என்று ஒன்றும் இல்லை. அதை எடுத்தால் கூடவே அவரையும் எடுத்துக்கொள்கிறீர்கள்.

நான் நினைத்தது நடந்தது. சாயங்காலங்கள் நன்றாக இருந்தன, அதை மறைக்க மாட்டேன். நீ ஒரகடத்துக் கம்பெனியிலிருந்து வந்து முகம் கழுவிவிட்டு, "இன்னிக்கு இன்னா புட்டுக்குச்சி?" என்று கேட்டுக்கொண்டே உட்காருவாய். ஒரு நாள் ஒலி வராது, ஒரு நாள் பிரிண்டர் காணாமல் போகும். நீ கறுப்புத் திரையில் எதையோ தட்டுவாய், நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கற்றுக்கொள்ளவில்லை. சொல்லித் தர ஆரம்பித்தாலும், "எனுக்கு எங்க இதெல்லாம் ஏறுது" என்பேன். படம் வரையும் மென்பொருளை மட்டும் நானே கற்றேன், அதுவும் ஏச்சு வாங்கித்தான். ருத்ராட்சக் கரை ஒன்றைத் தூரிகைக் கருவியால் வரைந்து அனுப்பினேன். அந்தத் தூரிகை விளிம்பை மழமழப்பாக்குவதற்காக, சிவப்புக்கும் சரிகைக்கும் நடுவில் தானாகவே இடைநிறங்களைப் போட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. அட்டை கடைக்காரர் போன் செய்தார். "அக்கா, ரெண்டு கலர் கரைன்னு சொன்னீங்க. மிஷினு இருவத்தேழு காட்டுது. சேலை போடறீங்களா, ஹோலி ஆடறீங்களா?" நீ இல்லாத நேரம். தேடினேன், படித்தேன், பென்சில் கருவிதான் கட்டம் தப்பாமல் வரையும் என்று கண்டுபிடித்தேன். உனக்கு நெசவு தெரியாது என்பதால் அங்கே எனக்கு உதவ ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் கற்றுக்கொண்டேன். ஆள் இருந்த இடத்தில் இரண்டு வருடம் மக்காகவே இருந்தேன்.

உன் டிஸ்ட்ரோவைப் பற்றி நீ எனக்கு ஒரே ஒரு விதி சொல்லியிருந்தாய். நம் ஊரில் அமாவாசைக்குத் தறி ஓடாது. அன்றைக்குப் புது டிசைன் வேண்டும் என்று யாரும் வரமாட்டார்கள். "அப்டேட் அமாவாச அன்னிக்கு மட்டும்தாம்மா. புட்டுக்கினாலும் சரி பண்ண ஒரு நாள் கைல இருக்கும்" என்றாய். மாதக் காலண்டரில் அமாவாசைக் கட்டத்தில் நீயே பேனாவால் லினக்ஸின் சின்னமான பென்குயினை வரைந்து வைப்பாய். தறிக்கு ஓய்வு நாள், கணினிக்குப் பராமரிப்பு நாள். எனக்கு அது பிடித்திருந்தது. தறி உள்ள தெருவில் பிறந்த பிள்ளைக்குத்தான் அது தோன்றும்.

இனி எழுதப்போவதைத்தான் மூன்று முறையும் எழுத முடியாமல் விட்டேன். போன வைகாசியில் புனேயில் உனக்கு நேர்முகத் தேர்வு. வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சென்னையில் ரயில். மத்தியானம் இங்கிருந்து கிளம்பினால் போதும் என்று காலையில் அரை நாள் வேலைக்குப் போயிருந்தாய். உன் பை கட்டில் மேல் இருந்தது. அன்று பக்கத்து ஊர் முசரவாக்கம் சரோஜா அக்காவுக்கு ஒரு கல்யாணச் சேலையின் கரை முடித்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் வீட்டில் இரண்டு தறி, ஒன்றில் பாவு நூல் ஏற்றித் தயாராக இருந்தது. கரை முக்கால்வாசி முடிந்திருந்தது. நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், உன் பையைப் பார்த்தேன், திரும்பி வந்து உட்கார்ந்து, நீ அமாவாசைக்கு என்று சொல்லிக் கொடுத்த அந்த அப்டேட் கட்டளையைத் தட்டினேன். அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. எனக்குத் தெரியும். காலண்டர் என் முகத்துக்கு நேரே தொங்கியது.

பெரிதாக ஏதும் ஆக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஏதாவது சின்னதாக ஆகட்டும், கிளம்புவதற்கு முன் அரை மணி பக்கத்தில் உட்காரட்டும் என்று நினைத்தேன். இப்படி எழுதும்போதே இது முழு உண்மையா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. போகாமல் இருக்கட்டும் என்றும் உள்ளே எங்கோ இருந்திருக்கும். மறுபடி துவங்கியபோது திரை கறுப்பாகவே நின்றது. உனக்குப் போன் செய்தேன். நீ பன்னிரண்டு மணிக்கு வந்தாய். "ஒரு மணி நேரத்துல முடிச்சிருவேம்மா" என்று செருப்பைக்கூட ஓரமாக விடாமல் உட்கார்ந்தாய். சரோஜா அக்கா கரை வாங்க வந்து, வாசற்படியில் நின்று, "இன்னாம்மா, தறி சும்மா நிக்குதே. நாளன்னிக்கு கல்யாண வூட்டு ஆளுங்க வந்து ஏன் ஆரம்பிக்கலன்னு கேப்பாங்களே" என்று சொன்னார்கள். நீ அவர்கள் முகத்தைப் பார்த்தாய். நீ எழுந்து போயிருக்கலாம். என் கணினி நான்கு நாள் கிடந்தால் உலகம் மூழ்காது. ஆனால் நீ, "இருங்கக்கா, முடிச்சிக் குடுத்துட்டே போறேன்" என்றாய். இரண்டு மணி ஆனது. மூன்று ஆனது. உன் பைக்குள் இருந்த சட்டையை நான் எடுத்து மறுபடி மடித்து வைத்தேன், ஏனென்று தெரியவில்லை. திரையில் வெளிச்சம் வந்தபோது மணி ஐந்தேகால். இனி சென்னை போய் ரயிலைப் பிடிக்க முடியாது, நேர்முகத் தேர்வும் போனது.

"பரவால்லமா, வேற வரும்" என்றாய். கோபமே இல்லை. சரோஜா அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "என்னாலதான் புள்ள ரயில உட்டுட்டான்" என்று அழாத குறையாகப் போனார்கள். நான் மறுக்கவில்லை. அவர்களைப் பழியோடு போகவிட்டேன். நீ மாடிக்குப் போன பிறகு அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து, முதுகை நெளித்துக்கொண்டே காலண்டருக்கு முன்னால் நின்றார். "இன்னிக்கு அமாவாசையாமா?" என்று கேட்டார். நான் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசியில் உனக்கு ஷிப்ட் மாறியது. ஒரகடத்திலேயே அறை எடுத்துக்கொண்டு ஞாயிறு மட்டும் வர ஆரம்பித்தாய். அதற்குப் பிறகு அமாவாசை வந்தது, காலண்டரில் உன் பென்குயின் இருந்தது. நான் அப்டேட் செய்யவில்லை. மேசை இழுப்பறையில் இரண்டு வருடமாகக் கிடந்த மிண்ட் பென்டிரைவை எடுத்தேன். அது பழையதாகிவிட்டதால் புதிய பதிப்பை இறக்கி, அதை எப்படி பென்டிரைவில் ஏற்றுவது என்று படித்து ஏற்றினேன். அதற்கே காலை முழுவதும் போனது. நீ கூட இருந்திருந்தால் பத்து நிமிடம். ஆனால் அன்று நான் தெரிந்துகொண்ட ஒன்றை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். கணினியில் எதையும் அழிக்காமல், எதையும் நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே ஒரு டிஸ்ட்ரோவை ஓட்டிப் பார்க்கலாம். நான் அந்த முதல் அமாவாசையின் மீதிப் பொழுது முழுவதும் அப்படியே ஓட்டினேன். இணையம் வருகிறதா, ஒலி வருகிறதா, தமிழ் தட்டச்சு வருகிறதா, என் படம் வரையும் மென்பொருள் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அடுத்த அமாவாசைக்கு பிரிண்டரையும் ஸ்கேனரையும் சேர்த்துப் பார்த்தேன். இடையில் உபுண்டுவையும் ஒரு நாள் ஓட்டினேன். அதுவும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நம் பழைய பெட்டியில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. மிண்ட்டிலேயே எடை குறைந்த பதிப்பு ஒன்று இருக்கிறது, அது இந்தப் பெட்டிக்குப் பொருந்தியது. எது சிறந்தது என்று இணையத்தில் சண்டை போடுகிறவர்கள் போடட்டும். உங்கள் பெட்டியில், உங்கள் பிரிண்டரோடு, உங்கள் வேலைக்கு எது ஓடுகிறது என்பதை நீங்களே ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மூன்றாவது, ஆடி அமாவாசை. உனக்கு விடுமுறை கிடைக்கவில்லை. படையல் போட்டு, காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு, கை துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தேன். டிசைன்கள் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் நகல் எடுத்து, அந்த நகல்கள் திறக்கின்றனவா என்று திறந்தும் பார்த்திருந்தேன். டிஸ்ட்ரோவைத் தேர்ந்தெடுப்பதில் தப்பு செய்தால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம், இதில் தப்பு செய்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஹார்ட் டிஸ்கில் உள்ளதை எல்லாம் அழிக்கட்டுமா என்று நிறுவும் நிரல் கேட்டது. அப்பா பின்னால் வந்து நின்றார். "அவன் போட்டத அழிக்கப் போறியா?" என்றார். "ஆமா." "அவனுக்குத் தெரியுமா?" "தெரியாது." குனிந்து திரையைப் பார்த்தார். "சரி, அமுக்கு. பாயாசம் ஆறுது" என்றார்.

எல்லாம் அதோடு சுகமாக முடிந்தது என்று எழுதினால் புதியவர்களை ஏமாற்றியதாகும். நான்காம் நாள் ஸ்கேனர் கணினியின் கண்ணில் படாமல் போனது. சரோஜா அக்கா ஒரு பழைய சேலைத்துண்டைக் கொண்டுவந்து, அதிலுள்ள கரையைப் போலவே வேண்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். என் கை தானாகப் போனை எடுத்து உன் பெயர் வரைக்கும் போனது. வைத்துவிட்டேன். "இன்னாம்மா, புள்ளைய கூப்டலியா?" என்றார்கள். "அவன் வேலைல கீறான்க்கா. நானே பாத்துக்கறேன்." "பாத்துக்கினு இரு. நான் போய் டீ போடறேன்" என்று அடுப்படிக்குப் போனார்கள். திரையில் வந்த பிழைச் செய்தியை அப்படியே நகலெடுத்துத் தேடினேன். எனக்கு முன்னால் யாரோ அதே கேள்வியைக் கேட்டு, யாரோ பதில் சொல்லியிருந்தார்கள். பலர் பயன்படுத்தும் டிஸ்ட்ரோவை முதலில் எடுப்பதில் இருக்கும் லாபம் இதுதான், நம் சந்தேகம் ஏற்கனவே ஒருவருக்கு வந்திருக்கும். இரண்டு மணி நேரம் ஆனது. டீ இரண்டு முறை வந்தது. ஸ்கேனர் உறுமியபோது அந்தச் சந்தோஷத்திலேயே சரோஜா அக்காவிடம் வைகாசிச் செவ்வாய்க்கிழமை நான் வேண்டுமென்றே செய்ததைச் சொல்லிவிட்டேன். டம்ளரைக் கீழே வைத்தார்கள். "அடிப்பாவி! மூணு மாசமா நானில்ல சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கினு இருக்கேன்!" என்றார்கள். பிறகு சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அவன் கிட்ட சொன்னியா?" என்றார்கள்.

இப்போது சொல்லிவிட்டேன். நீ வந்த ஞாயிறுகளில் எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று சொல்லிக் கணினியைத் திறக்காமலே வைத்ததும் இதனால்தான். உன் டிஸ்ட்ரோ மேல் எந்தக் குறையும் இல்லை. நீ சொன்ன நாளில், நீ சொன்னபடி செய்திருந்தால் அது என்னையும் உன்னையும் கைவிட்டிருக்காது. அது உனக்குப் பொருந்தியது, நீ உடைத்துச் சரிசெய்வதிலேயே கற்றுக்கொள்கிறவன். உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இனி யாருக்காவது லினக்ஸ் சொல்லித் தந்தால், "நகருங்க" என்று விசைப்பலகையை வாங்காதே. அவர்கள் தட்டட்டும், தப்பாகத் தட்டட்டும், நீ கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் இரு. என்னைப் போன்றவர்கள் விசைப்பலகையைச் சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்துவிடுவோம். அது சோம்பல் மட்டும் இல்லை என்று இப்போது உனக்குத் தெரியும். நீ பக்கத்தில் வேண்டும் என்று ஆசைப்பட்டதில் தப்பில்லை என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லாமல் ஒரு இயந்திரத்தைக் கெடுத்துச் சொன்னேன். அதுதான் தப்பு. சொல்லியிருந்தால் நீ ரயிலையும் பிடித்திருப்பாய், போனிலும் பேசியிருப்பாய்.

இதை அப்பாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "இத அவன் ஃப்ரெண்ட்ஸ்லாம் படிப்பாங்களே, உனுக்கு வெக்கமா இல்லியா?" என்றார். "இருக்குது" என்றேன். "அப்ப அனுப்பு" என்றார்.

இந்தக் கணினியை இனி நானே பார்த்துக்கொள்வேன், கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். உனக்குத் தெரியாது, நான் சொல்லவும் போவதில்லை. ஒரு தாளில் எழுதி, மடித்து, ஒட்டி, அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். அவருக்குக் கணினியைத் திறக்கவே தெரியாது என்பதால் அது பத்திரமாக இருக்கும். புனேக்குச் சரி என்று எழுதிவிடு. என் மேல் கோபம் வந்தால் வரட்டும், அது நியாயம்தான். அங்கே போய்ச் சேர்ந்து, உன் அறைக்குப் பூட்டுச் சாவி வாங்கி, சாப்பிட்டுவிட்டு, பிறகு கோபப்படு.

அம்மா